நான் அரை நிமிடம் ஓட்டிய படம்

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களை முதல் வாரத்திலேயே ஒரு பாரம் நிரப்பச் சொல்வார்கள். பெயர், வயது, விலாசம், பதவி. முதல் மூன்றும் ஆபத்தில்லாத கட்டங்கள். நான்காவது கட்டத்தில் நான் எழுதிய ஒரு சொல், ஒரு மனிதனைச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப் பார்த்தது. அந்தச் சொல்லில் எழுத்துப் பிழை இல்லை. விதிப்படியும் பிழை இல்லை. அதுதான் அதில் இருந்த கோளாறு.

ஜப்பான்காரர் ஆட்சியில் வந்த இரண்டாவது கிறிஸ்துமஸ் அது. மலாக்காவில், காஜா பெராங் சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு படக்கொட்டகையில் நான் கிராணி. கடிதம், மனு, பாரம், நோட்டீஸ் எல்லாம் என் பொறுப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். ஜப்பான்காரன் வந்ததும் மூன்று மாதத்தில் அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொண்டு அதிலும் எழுதினேன். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்ன அன்றே, வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்னால் மதியச் சோறு சாப்பிட்ட முதல் ஆள் எங்கள் தெருவில் நான்தான். எல்லா விதிகளும் எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நோயாளி தன் நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

எங்கள் மிஷினை ஓட்டியவன் ஆரோக்கியம். அந்தோணியார் கோயிலுக்குப் போகும் வேதக்காரன், கல்யாணமாகி ஒரு வருடம், மனைவி பிலோமினாவுக்கு ஏழாம் மாதம். ஆனால் ஒப்பரேட்டர் லைசென்ஸ் அவன் பெயரில் இல்லை. அது சண்டை வருமுன்பே சிங்கப்பூருக்குப் போய்விட்ட பழைய ஒப்பரேட்டரின் பெயரில், கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. லைசென்ஸ் சுவரில் தொங்க, ஆரோக்கியம் மிஷினை ஓட்ட, இரண்டு வருடமாக யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

நவம்பரில் ஒரு பாரம் வந்தது. கொட்டகையில் வேலை செய்யும் ஆண்கள் எல்லாருடைய பெயரும் பதவியும் வேண்டும் என்றது. ஆரோக்கியத்தின் பெயருக்கு எதிரே நான் 'உதவியாளர்' என்று எழுதினேன். எங்கள் முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவர் ராமநாதபுரத்து முஸ்லிம். ஜாலான் துக்காங் எமாஸில் துணிக்கடையும் வைத்திருந்தவர். கடன்காரனிடம்கூடக் குரல் உயர்த்தாதவர்.

"ஒப்பரேட்டர்னே போட்டுடுங்களேன் கிராணி. ஓட்டுறது அவன்தானே?"

"லைசென்ஸ் அவன் பேர்ல இல்லீங்க முதலாளி. நாளைக்கு வந்து சோதிச்சா, பொய் எழுதினதா ஆயிடும்."

அவர், எழுத்து உங்கள் வேலை, எனக்கென்ன தெரியும் என்று சொல்லிப் போய்விட்டார். பொறுப்பை அவ்வளவு மரியாதையாக ஒருவர் கையில் வைத்துவிட்டுப் போவதை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் பதில் வந்தது. கேளிக்கை நிலையங்களுக்கு உதவியாளர்கள் அவசியமில்லை. ஆரோக்கியம் என்பவர் இருபத்தாறாம் தேதி காலை, பாயும் தட்டும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வர வேண்டும். ஜப்பான்காரர் சயாமில் போட்ட ரயில் பாதை முடிந்துவிட்டது என்று ஊரில் பேச்சு இருந்தது. ஆள் கேட்பது மட்டும் முடியவில்லை. அங்கே போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

ஆரோக்கியம் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தான்.

"கிராணி, சயாமுல படம் காட்டுறாங்களா?"

"இல்ல ஆரோக்கியம்."

"அப்ப நான் அங்க போயி என்னத்த செய்வேன்?"

என்மேல் குற்றம் சொல்லும் குரலில் அவன் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன். மேசையில் செய்த தவற்றை மேசையிலேயே திருத்திவிடலாம் என்று நம்புவது எங்கள் கிராணி இனத்தின் குணம். திருத்தவும் ஒரு வழி இருந்தது. ஒரு தொழிலாளி இல்லாமல் தொழில் நடக்காது என்றால், அதிகாரி நேரில் வந்து பார்க்கும்படி முதலாளி கேட்கலாம். நான் எழுதிய மனுக்களிலேயே அழகானது அது. 'இவரின்றி இக்கொட்டகை ஒரு நாளும் இயங்காது' என்று முடித்திருந்தேன். அதிகாரி இருபத்தைந்தாம் தேதி மதியக் காட்சிக்கு வருவதாகப் பதில் வந்தது. அதாவது, ஒரே நாள் மிச்சம் வைத்து.

அன்றைக்கு என்ன படம் என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. புதுப் படம் வருவது நின்றுபோய், எங்கள் கையில் இருந்தவை ஐந்தே படங்கள். பூசை முடிந்து குடும்பத்தோடு வரும் வேதக்காரர்கள் கேட்டது ஒரே ஒரு படத்தைத்தான். அரிசி ஆலை முதலாளி ஒருவரும் அவருடைய மாட்டுவண்டிக்காரனும் வீண் வாக்குவாதத்தில் பந்தயம் கட்டிப் பத்து நாளைக்கு இடம் மாறிக்கொள்கிறார்கள். முதலாளி வண்டி ஓட்டப் படும் பாடும், வண்டிக்காரன் நாற்காலியில் உட்காரப் படும் பாடும்தான் கதை. கடைசியில் இரண்டு குடும்பமும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும். அதில் கிறிஸ்துமஸும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. ஆனால் யாரும் சாகவும் இல்லை. அந்த வருடத்தில் ஒரு பண்டிகைப் படத்துக்கு அந்தத் தகுதி போதும்.

கொட்டகை நிறைந்துவிட்டது. வேதக்காரர்கள் ஒரு பக்கம். காஜா பெராங் செட்டிக் குடும்பங்கள் ஒரு பக்கம். அவர்கள் கும்பிடும் சாமி நம் சாமி, பேசும் பேச்சு மலாய். எங்களிடம் ஒரே மிஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்குப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அந்த இடைவேளையில் நான் முன்னால் நின்று, வரப்போகும் கதையைச் செட்டி மக்களுக்காக மலாயில் சொல்வது வழக்கம். அன்றைக்கு அந்த வேலையை அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன். அவருக்கும் நிதானமான, இலக்கணம் தவறாத மலாய் தெரிந்திருந்தது.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சத்தம் போடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. உட்காருமுன் நாற்காலியைத் துடைத்தார். என் மனுவையும் பாரத்தையும் மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டார். தன் ஊரில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவராம். என்னைப் போன்ற ஒருவர் என்று பார்த்த உடனே தெரிந்தது. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

நான்காவது ரீலில் ஆலை முதலாளி வண்டியை வயலுக்குள் இறக்கிவிட்டு, மாட்டிடம் மன்னிப்புக் கேட்பார். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரீல் முடிந்தது. விளக்கு எரிந்தது. அவர் சிரிப்பைத் துடைத்துவிட்டு இரண்டு காகிதங்களையும் அருகருகே விரித்தார்.

"இந்தப் பாரத்தில் அவன் உதவியாளன். இந்த மனுவில் அவன் இல்லாமல் கொட்டகை நடக்காது. இரண்டும் உங்கள் கையெழுத்து. எது பொய்?"

"இரண்டும் எழுதிய தேதியில் சரி" என்றேன். இப்படி ஒரு பதிலைச் சொல்லத்தான் இத்தனை படிப்பு படித்தேன்.

அப்படியானால் படத்தில் இருப்பதையே செய்து பார்ப்போம் என்றார் அவர். அடுத்த ரீலை நான் மேலே போய் ஓட்ட வேண்டும். ஆரோக்கியம் கீழே வந்து என் இடத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். நான் ஓட்டிவிட்டால் மிஷின் ஓட்டுவது யாரும் செய்யக்கூடிய வேலை; ஆரோக்கியம் நாளைக் காலை பாயோடு வரலாம். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றால், அவன் இல்லாமல் முடியாது என்பது உண்மை. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது.

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. கொட்டகையில் கேட்காதவர்கள் இல்லை. மலாய் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். கடைசி பெஞ்சு வரைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்வதைத் தலைகள் திரும்புவதிலேயே பார்க்க முடிந்தது.

கவனியுங்கள். எனக்கு முன்னால் இருந்த முடிவு அவ்வளவு எளிது. நான் தோற்றால் ஆரோக்கியம் பிழைப்பான். ஜெயித்தால் போவான். இதற்கு விதிப் புத்தகமே தேவையில்லை. ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் முழு நல்லவனாக இருக்க இதைவிட மலிவான வாய்ப்புக் கிடைக்காது.

மரப்படியில் நான் ஏற, அவன் இறங்கினான். பேசக் கூடாதல்லவா, அவன் வலது கையின் இரண்டு விரலை ஓர் அங்குல இடைவெளியில் பிடித்து, என் முகத்துக்கு நேரே இரண்டு தடவை ஆட்டினான். கண்ணில் ஒரு தவிப்பு. பொறுமையாகச் செய்யுங்கள் என்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

மிஷின் அறை அடுப்பங்கரை மாதிரி இருந்தது. அந்த மிஷினின் குறிப்புப் புத்தகத்தை நான் மூன்று பிரதி டைப் அடித்திருக்கிறேன். எந்தச் சக்கரத்துக்குப் பிறகு எந்தச் சக்கரம் என்பது மனப்பாடம். படச்சுருளை எடுத்து, மேல் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பல்லிலும் மாட்டி, விளக்குக்கு முன்னாலிருக்கும் சிறு ஜன்னல் வழியாக இறக்கி, கீழ்ப் பெட்டிக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் சரியாக உட்கார்ந்தது. ஜன்னலுக்கு மேலேயும் கீழேயும் மட்டும் பிலிம் கொஞ்சம் தளர்ந்து வளைந்து நின்றது. பார்க்க ஒழுங்காக இல்லை. தொங்கும் நாடாவைக் கண்டால் இழுத்துக் கட்டாமல் விட ஒரு கிராணியால் முடியுமா? இரண்டு இடத்திலும் தொய்வு போக இழுத்துவிட்டேன். கோடு போட்டதுபோல நின்றது. எனக்கே திருப்தியாக இருந்தது.

உங்களில் மிஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். சக்கரங்களில் பிலிம் சீராக ஓடும். ஜன்னலில் மட்டும் ஒவ்வொரு படமாக நின்று நின்று குதிக்கும். அந்தக் குதியைத் தாங்குவது அந்தத் தொய்வுதான். அது இல்லையென்றால் பிலிம் அறுந்துவிடும். டைப் அடித்த புத்தகத்தில் இது இருந்தது. 'லூப் விடவும்' என்று இரண்டே சொல்லில்.

இனிச் சொல்லப்போவதை, ஒரே ஒருவனைத் தவிர, நான் நாற்பது வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நான்கைந்து நிமிடமும் சயாம் என் நினைவில் இல்லை. பிலோமினாவின் ஏழாம் மாதம் நினைவில் இல்லை. கீழே ஒரு கொட்டகையே நான் தோற்க வேண்டுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நினைவில் இல்லை. ஒரு கிராணியால் எதையும் செய்ய முடியும் என்று அந்தத் தபால்காரருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் மனதார ஜெயிக்க முயன்றேன்.

விளக்கின் மூடியைத் திறந்து மிஷினைத் தட்டிவிட்டேன். படம் வந்தது. வண்டிக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து மை புட்டியைத் திறந்தான். அரை நிமிடம் இருக்கும். கடகடவென்று ஒரு சத்தம், பிறகு சாட்டை அடித்ததுபோல ஒன்று. பிலிம் அறுந்தது. ஜன்னலில் மாட்டிக்கொண்ட ஒரே படம் விளக்கின் சூட்டில் நின்றது. சுவர் ஓட்டை வழியாகப் பார்த்தேன். திரையில் வண்டிக்காரனின் கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி கிளம்பி, கொப்புளித்து, காதுவரை பரவியது. அந்தக் காலத்துப் பிலிம் வைக்கோலைவிட வேகமாக எரியும்.

அறைச் சுவரில் தீ விதிகள் ஒட்டியிருந்தன. எழுதியவன் நான். முதல் விதி: 'மேலாளருக்குத் தெரிவிக்கவும்.' நான் தெரிவிப்பதற்காகக் கதவுப் பக்கம் நடந்தேன். ஓடக்கூட இல்லை. ஓடக் கூடாது என்பது இரண்டாவது விதி.

கதவில் ஆரோக்கியம் என்மேல் மோதினான். மூன்று மூன்று படியாகத் தாவி வந்திருந்தான். என்னைச் சுவரோடு தள்ளி, விளக்கின் மூடியை ஒரு அடியில் சாத்தி, எரிகிற துண்டை விரலாலேயே பிய்த்து மணல் வாளியில் போட்டுக் காலால் மிதித்தான். எரிந்த இடத்தை வெட்டி, ஒட்டி, மறுபடி மாட்டினான், அந்த இரண்டு இடத்திலும் அங்குல அளவு தொய்வு விட்டு. நான் இன்னும் யாருக்கும் தெரிவிக்கவில்லை. வண்டிக்காரன் கன்னம் தெளிந்து மை புட்டியை மூடினான்.

அதிகாரி அவன் பின்னாலேயே ஏறி வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் பாரத்தை எடுத்து, 'உதவியாளர்' என்ற சொல்லைக் குறுக்கே அடித்து, தன் பேனாவால் 'ஒப்பரேட்டர்' என்று எழுதி முத்திரை வைத்தார். ஆரோக்கியத்திடம் அவன் கதை சொன்ன விதத்தைப் பாராட்டினார். அதற்குப் பிறகு என் மூக்குக் கண்ணாடியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கொட்டகையில் ஓர் ஆள் அதிகம் என்பது சரிதான். ஆனால் அது அவன் இல்லை."

முதலாளி பதறி முன்னால் வந்தார். சயாமா என்று கேட்டார்.

"இல்லை" என்றார் அதிகாரி. "சயாமில் வேலை தெரிந்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள்."

மறுநாள் முதல் இருபது மாதம், அவர் உத்தரவுப்படி, நான் ஆயர் குரோ பக்கம் காடு வெட்டி மரவள்ளி நட்டேன். என் மேசை வேலையை முதலாளியே பார்த்தாராம். நாள் முழுதும் நான் செய்ததை அவர் காலையில் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. சண்டை முடிந்ததும் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். மேசைக்கு அல்ல, மிஷின் அறைக்கு. ஆரோக்கியத்தின் கீழே ஒரு வருடம். அதற்குப் பிறகுதான் மேனேஜராக விட்டார். இன்றைக்கும் புதிதாக வருகிற யாரையும் முதலில் மேலே அனுப்புங்கள் என்று நான் தொல்லை கொடுப்பது இதனால்தான். ஒருவன் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்காமல் அவன் பதவியை எழுதாதீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தைப் பற்றி.

படம் விடுவதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. கிராணி வேண்டுமென்றே படத்தை எரித்தார், ஆரோக்கியத்துக்காகத் தன்னையே கொடுத்தார். வாசலில் ஒரு செட்டி அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேதக்காரப் பெரியவர் ஒருவர் என் தலையில் சிலுவை போட்டார். முதலாளி மட்டும், "தீ விதியில முதலாவத மாத்தி எழுதுங்க கிராணி" என்றார்.

பிலோமினா ஆள் அனுப்பி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போகாமல் இருந்திருக்கலாம். நாளையிலிருந்து என்ன சாப்பாடு என்பது தெரிந்திருந்ததால் போனேன். வீட்டில் வளர்த்த ஒரே கோழியை அடித்திருந்தாள். கைப்பிடி அரிசியில் சோறு, மீதிக்கு மரவள்ளி. எங்கிருந்தோ சேர்த்த சர்க்கரையில் ஒரு கேக். என் தட்டில் கோழிக் கால் விழுந்தது. அவள் பேசப் பேச நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"பிள்ள பொறந்தா ஞானஸ்நானத்துக்குக் கிராணி அண்ணன்தான் ஞானத்தகப்பன்னு சொன்னேன், இவரு என்னடான்னா வேதத்துல இல்லாதவரு எப்படிங்கிறாரு. இவருக்குத் தெரியுமா? அந்தோணியார்கிட்ட நான் கேட்டுக்கிறேன்" என்று சொல்லி, இன்னும் கறி எடுக்க உள்ளே போனாள்.

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். ஆரோக்கியம் கட்டுப்போட்ட விரல்களோடு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"ஆரோக்கியம், நான் வேணும்னு செய்யல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வேணும்னு கெடுக்கிறவன் முத சக்கரத்துலயே கெடுத்துட்டுப் போயிடுவான். நீங்க பதினாலு எடம் அழகா மாட்டியிருந்தீங்க. அறுந்த துண்ட பார்த்தப்பவே தெரிஞ்சிபோச்சி. மனுசன் நெசமாவே ஓட்டிப் பார்த்திருக்காருன்னு."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீங்க மட்டுமா கிராணி? படியில நான் வெரல காட்டினேன்ல, எதுக்குன்னு நெனச்சீங்க? லூப்பு இவ்வளவு விடணும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பிலிம் அறுந்துடுமேன்னு அடிச்சிக்கிச்சி மனசு. அறுந்தாத்தான் நான் பொழைப்பேங்கிறது, கீழ போயி ஒக்கார்ந்த பொறவுதான் புத்தியில ஏறுச்சி."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது யாரென்று நினைவில்லை. அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. பிலோமினா கறிச்சட்டியோடு திரும்பி வந்தாள். அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பேசாம சாப்பிடுங்க கிராணி" என்றான் ஆரோக்கியம், தட்டை என் பக்கம் நகர்த்தி. "அவ இன்னைக்குத்தான் நிம்மதியா சமைச்சிருக்கா."

சாப்பிட்டேன். அன்று முழுவதும் நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது.